கேட்பதற்கும் உரிமம் வேண்டுமா?

2010 பிப்ரவரியில் தில்லி விமான நிலையத்துக்கு அருகிலுள்ள விடுதி ஒன்றில் பிரிட்டனைச் சேர்ந்த இருவர் தங்க வந்தனர். ஓடுபாதை தெரியும்படியான அறைதான் வேண்டும் என்று அவர்கள் கேட்டது விடுதியாருக்கு ஐயத்தைக் கிளப்பியது. மும்பைத் தாக்குதல் நடந்து பதினைந்து மாதங்களே கழிந்திருந்த காலம் அது. காவல்துறை வந்து பார்த்தபோது அறையில் விமானப் போக்குவரத்தைக் கேட்கும் கருவிகள் இருந்தன. கைது, விசாரணை, வழக்கு. விமானங்களைப் பார்த்துக் குறித்துவைப்பது எங்கள் பொழுதுபோக்கு என்று அவர்கள் சொன்னது எளிதில் எடுபடவில்லை. ஏப்ரலில் தந்திச் சட்டத்தின்கீழ் ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம் செலுத்திய பிறகே அவர்கள் ஊர் திரும்ப முடிந்தது.

இதை இந்திய அதிகாரிகளின் தனிக்குணம் என்று எண்ண வேண்டாம். 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானத்தளத்தில் பிரிட்டானியர் பன்னிருவரும் டச்சுக்காரர் இருவரும் இதே பொழுதுபோக்குக்காகக் கைதாகி உளவு வழக்கில் சிக்கினர். 2002 ஏப்ரலில் தண்டனை, அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. இரு நாட்டாருக்கும் விளங்காமற்போனது ஒன்றே. யாதொரு பயனும் கருதாமல் ஒரு மனிதன் வானத்தைப் பார்த்து, விமானத்தின் வாலில் உள்ள எண்ணை ஏட்டில் எழுதிக்கொண்டிருப்பானா? தமிழ் படித்தவனுக்கு இது விளங்காத செய்தியன்று. ஒரே செய்யுளின் நான்கு பாடபேதங்களை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உறக்கம் கெட்டவர்களை நான் அறிவேன். அதனால் அவர்களுக்கு என்ன பயன் என்று கேட்டால் அவர்களே விழிப்பார்கள்.

வானத்தில் செல்வனவற்றை வீட்டிலிருந்தபடி கேட்டறியும் இம்மனிதர்களை நாம் ஐயத்தோடு பார்ப்பதும் தவறு, வேலையற்றவர்கள் என்று புறந்தள்ளுவதும் தவறு என்பதே என் கருத்து. பொதுவெளியில் ஒலிபரப்பப்படும் ஒன்றைக் கேட்பது குடிமகனின் உரிமை. அது ஏன் முக்கியம் என்பதற்குத் தமிழர்களாகிய நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான காரணமும் உண்டு. அதற்கு வருமுன் இக்கலையின் நுட்பத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன். இலக்கிய அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

இன்று இதற்கு ஓடுபாதை தெரியும் அறை தேவையில்லை. பறந்துகொண்டிருக்கும் விமானம் செயற்கைக்கோள்களின் துணையால் தன் இருப்பிடத்தைக் கணித்து, நொடிக்கு இருமுறை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் தானே அறிவித்துக்கொண்டு போகிறது. ஏடிஎஸ்-பி என்று இம்முறைக்குப் பெயர். அச்செய்தியில் மறைபொருள் ஏதுமில்லை, பூட்டும் இல்லை. மற்ற விமானங்களும் தரைநிலையங்களும் கேட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அது செய்யப்படுகிறது. அமெரிக்காவில் 2020 ஜனவரி முதல் பெரும்பாலான வான்பரப்புகளில் இது கட்டாயம்.

தொலைக்காட்சி பார்ப்பதற்காக மலிவாக விற்கப்பட்ட, கணினியில் செருகும் விரல் நீளக் கருவி ஒன்று உண்டு. அதனுள் இருக்கும் சில்லு மிகப் பரந்த அலைவெண் பரப்பைக் கேட்க வல்லது என்பதை 2012ஐ ஒட்டிச் சில நிரலாளர்கள் கண்டுபிடித்தனர். ரெடிஸ் என்னும் புகழ்பெற்ற மென்பொருளை எழுதிய சிசிலிக்காரர் சல்வத்தோரே சன்ஃபிலிப்போ, அக்கருவியைக் கொண்டு விமானச் செய்திகளைப் படிக்கும் ‘டம்ப்1090’ என்னும் நிரலை எழுதி இலவசமாக வெளியிட்டார். அலைவாங்கியைக்கூட விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 1090 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 27.5 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு, ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான செப்புக்கம்பித் துண்டு ஒன்று போதும்.

ஆரணியில் இதன் உள்ளமைப்பை விளக்குவது எளிது. எங்கள் ஊரில் பட்டுத்தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும்; அதில் துளையிட்ட அட்டைகள் கோத்துத் தொங்கும். துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலெழுந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். தூக்குவது, கிடப்பது என்ற இந்த இரண்டே நிலைகளால் முந்தானையில் மயிலும் மாங்காயும் அன்னமும் வந்துவிடுகின்றன. இப்போது பல வீடுகளில் அட்டைக்குப் பதிலாக எலக்ட்ரானிக் பெட்டி வந்துவிட்டது என்றாலும் கணக்கு மாறவில்லை. விமானம் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் இத்தகைய 112 இடங்கள் கொண்ட ஓர் அட்டை. ஒவ்வோர் இடமும் ஒரு மைக்ரோநொடி; அதன் முற்பாதியில் துடிப்பு வந்தால் ஒன்று, பிற்பாதியில் வந்தால் சுழி. முதல் 8 இடங்கள் செய்தியின் வகையைச் சொல்லும். அடுத்த 24 இடங்கள் அந்த விமானத்துக்கு மட்டுமே உரிய எண். அதற்கடுத்த 56 இடங்களில் உயரம், இருப்பிடம், வேகம், அழைப்புப்பெயர் ஆகியவற்றுள் ஏதேனும் வரும்.

எஞ்சிய கடைசி 24 இடங்கள்தாம் என்னை மிகவும் கவர்ந்தவை. அவை புதிய செய்தி எதையும் சொல்வதில்லை. முன்வந்த 88 இடங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்பட்ட சரிபார்ப்பு அவை. வழியில் ஓர் இடம் பிறழ்ந்தாலும் கணக்கு இடறும், ஏற்பி அச்செய்தியைத் தள்ளிவிடும். வெண்பாவில் ஏடெழுதியவர் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால் தளை தட்டி, இவ்விடத்தில் ஏதோ கெட்டிருக்கிறது என்று நமக்கு அறிவிக்கிறதல்லவா? யாப்பு நம் நூல்களுக்குச் செய்த காவல் இது. ஓசை இன்பத்துக்காக மட்டும் யாப்பு ஏற்பட்டது என்று வகுப்பில் சொல்லி வந்த நான், இப்போது இந்த 24 இடங்களையும் உடன் சேர்த்துச் சொல்கிறேன்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்த மாணவர். முதன்மைப் பாடம் இயற்பியல், குடும்பத் தொழில் நெசவு. அவர் பெயரைச் சொல்லவில்லை. காரணம் பின்னர் விளங்கும். மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டிக் கம்பியில் அலைவாங்கியைக் கட்டியபோது அவருடைய தந்தை, “இதுக்கு மாசம் எவ்ளோப்பா கட்டணும்?” என்று கேட்டாராம். “ஒண்ணும் கட்ட வேணாம்பா. அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டுப் போகுது, நாம கேக்குறோம், அவ்ளோதான்” என்று மகன் சொல்லியிருக்கிறார். இந்த விடையில் சட்டம், ஒழுக்கம், தொழில்நுட்பம் மூன்றும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

இந்த அலைகள் நேர்க்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு மறைக்கும்வரை கேட்கும். 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல் கணக்குப்படி 400 கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலும் எட்டும். மலைகளும் கட்டடங்களும் இதைக் குறைக்கும். எங்களுக்கு மேற்கே ஜவ்வாது மலை நிற்கிறது. ஆயினும் ஆரணியை மையமாக வைத்து நிலப்படத்தில் 400 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சென்னையும் பெங்களூரும் உள்ளே வந்துவிடும். கோவையும் மதுரையும் வரும். தெற்கே கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் வரும். விளிம்பை ஒட்டிக் கிளிநொச்சியும் வரும். அந்த வட்டத்தை மாணவரின் கணினித் திரையில் முதலில் கண்டபோது, எனக்கு விமானங்கள் மறந்துபோய் வேறு நினைவுகள் வந்தன.

ஈழத்துப் போர்க்காலப் புனைகதைகளையும் நினைவுக்குறிப்புகளையும் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். அங்கே விமானங்களுக்கு மக்கள் இட்ட பெயர்கள் உண்டு. பொம்மர், சகடை, கிபிர், வண்டு. கிபிர் இஸ்ரேலில் செய்யப்பட்ட போர்விமானம். ஒரு நாட்டின் ஆயுதப் பட்டியலில் இருந்த அந்தப் பெயர் வன்னியில் மழை, வெயில் என்பது போல் அன்றாடச் சொல்லாகிவிட்டது. வண்டு என்பது ஆளில்லா வேவு விமானம். ஓயாத ரீங்காரத்தால் அது அப்பெயர் பெற்றது. எது வருகிறது என்பதைக் கண்ணால் காணுமுன் செவியால் அறிந்து பதுங்குகுழிக்கு ஓட வேண்டிய வாழ்க்கை. 2006 ஆகஸ்டு 14 அன்று முல்லைத்தீவு மாவட்டத்துச் செஞ்சோலை வளாகத்தின்மேல் விமானப்படை குண்டு வீசி இளம்பெண்கள் பலர் மாண்டபோது, வானத்தில் வருவதை அறிவதும் அறியாததும் எவ்வளவு தூரம் உயிரோடு தொடர்புடையவை என்பதை உலகெங்குமிருந்த தமிழர் உணர்ந்தனர்.

போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின் நிகழ்ந்ததை இதனருகில் வைத்துப் பாருங்கள். போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலாளராகவும் பின்னர் குடியரசுத் தலைவராகவும் இருந்த கோத்தாபய ராஜபக்ச, 2022 ஜூலை 13 அதிகாலையில் இலங்கை விமானப்படையின் அன்டனோவ்-32 விமானத்தில் மாலத்தீவுக்குத் தப்பினார். மறுநாள் மாலேயிலிருந்து சவூதியா நிறுவனத்தின் 788ஆம் எண் விமானத்தில் சிங்கப்பூர் சென்றார். ஃபிளைட்ரேடார்24 தளத்தில் அவ்வேளையில் உலகிலேயே மிகுதியான மக்கள் பின்தொடர்ந்த விமானம் அதுதான். சிறிய மஞ்சள் விமானக் குறி ஒன்று இந்துமாக்கடலின் மேல் மெல்லக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அன்றே பதவிவிலகல் கடிதம் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தளம் 2006இல் சுவீடனில் விமான ஆர்வலர் இருவர் தொடங்கியது. இன்று அது பெரிய வணிக நிறுவனம். ஆனால் அதன் கண்ணும் காதும் உலகெங்கும் வீட்டு மாடிகளில் கம்பி கட்டியிருக்கும் பல்லாயிரம் தன்னார்வலர்களே. கீழே இருப்பவன் மேலே செல்வதைப் பெயர் சொல்லி அறிகிறான் என்ற அளவில் வன்னியின் பதுங்குகுழிக்கும் இந்த மாடிக்கும் ஓர் உறவு இருக்கிறது. ஒன்று உயிர் பிழைக்க, மற்றொன்று பொழுதுபோக்க என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை. வேறுபாடு பெரிதுதான். ஆனால் அறிதலின் திசை ஒன்று.

நம் புலவர் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பெருமிதத்தை இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டில் ஓட்டுநர் தேவைப்படாத வானவூர்தி வருகிறது. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் பறக்கிறாள். ஆகவே தமிழன் அன்றே விமானம் கண்டான் என்பார்கள். கைதட்டல் கிடைக்கும். நல்வினை செய்தோர் துறக்கம் புகும் ஊர்தியைப் பற்றி அப்புலவர் பேசுகிறார் என்பதைச் சொன்னால் கைதட்டல் குறைந்துவிடும். மெய்யாகவே ஓட்டுநர் இல்லாத வானூர்தி 2020 நவம்பர் முதல் அரக்கோணத்திலிருந்து பறந்துவருகிறது. அமெரிக்காவிலிருந்து குத்தகைக்கு எடுக்கப்பட்ட எம்கியூ-9பி வகை அது. இரண்டு வந்தன, அவற்றுள் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் வீழ்ந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கற்பனைக்கு உரிமை கொண்டாடும் நாம், தலைக்கு மேலே பறப்பதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரைகூடத் தமிழில் எழுதவில்லை.

வழக்கமான பயணிகள் விமானங்களைக் குறிப்பது தொடக்கநிலைதான். இப்பொழுதுபோக்கில் முதிர்ந்தவர்கள் தேடுவது வழக்கத்துக்கு மாறான விமானத்தை. சில வெறும் வேடிக்கை. 2022 ஜூலையில் திமிங்கலம் போல் தலை பருத்த ஏர்பஸ் பெலூகா சரக்கு விமானம் எரிபொருள் நிரப்பச் சென்னையில் இறங்கியபோது செய்தித்தாள்களே படம் போட்டன. ஆனால் எல்லாம் வேடிக்கையோடு முடிவதில்லை. 2004 ஜனவரியில் மயோர்க்காத் தீவின் பால்மா விமான நிலையத்தில் உள்ளூர் ஆர்வலர் ஒருவர் ஒரு போயிங் 737இன் படத்தை எடுத்து வைத்தார். வாலில் என்313பி என்ற எண். அமெரிக்க உளவு நிறுவனம் ஆட்களைக் கடத்திக்கொண்டுபோய் இரகசியச் சிறைகளில் அடைக்கப் பயன்படுத்திய விமானம் அது என்பது பின்னர் வெளிவந்தது. ஆள் மாறாட்டத்தால் மாசிடோனியாவில் பிடிபட்டு, அதில் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெர்மன் குடிமகன் காலித் எல்-மஸ்ரிக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் நீதி கிடைத்தது 2012 டிசம்பரில். ஒரு பொழுதுபோக்காளரின் புகைப்படம் சாட்சியமாக நின்ற வரலாறு இது. அவரும் எந்தப் பயனும் கருதாமல்தான் அங்கே நின்றிருப்பார்.

அண்மையிலும் உதாரணங்கள் உண்டு. 2024 ஆகஸ்டு 5 அன்று ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு நீங்கியபோது, ஏஜாக்ஸ்1431 என்ற அழைப்புப்பெயருடன் சென்ற சி-130 விமானம் தில்லிக்கு அருகே ஹிண்டன் தளத்தை நெருங்குவதை, அரசுகள் வாய் திறக்குமுன்னே உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. 2022 ஜூனில் மகாராஷ்டிரச் சட்டமன்ற உறுப்பினர்கள் சூரத்திலிருந்து குவாஹாட்டிக்குத் தனி விமானத்தில் கொண்டுபோகப்பட்டார்கள். அத்தகைய பயணங்களின் தடம் வானில் விழத்தான் செய்கிறது. 2017இல் நம்மவர்கள் கூவத்தூருக்குப் பேருந்தில் போனார்கள். பேருந்துக்கு டிரான்ஸ்பாண்டர் கிடையாது.

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன், அது வலுவானதுதான். ஆரணியிலிருந்து அரக்கோணம் நேர்க்கோட்டில் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1992இல் தொடங்கப்பட்ட ராஜாளி என்னும் கடற்படை விமானத்தளம் அங்கே இருக்கிறது. நான்கு எஞ்சின்களும் எதிரெதிராய்ச் சுழலும் இரட்டை விசிறிகளும் கொண்ட ரஷ்யத் துபோலெவ்-142 விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை அங்குதான் இருந்தன; அவற்றின் இடத்தில் 2013 முதல் வந்த பி-8ஐ விமானங்கள் இப்போது கடலைக் கண்காணிக்கின்றன. இப்படிப்பட்ட இடத்துக்கருகில், கண்டவனெல்லாம் மாடியில் கம்பி கட்டி வானத்தைக் கேட்கலாமா? போர்க்காலத்தில் என்ன ஆகும்?

என் விடை இரண்டு பகுதிகளாக அமையும். முதலாவது: அறிவிப்பை நிறுத்தும் சாவி விமானத்தில் இருக்கிறது, மாடியில் இல்லை. இராணுவ விமானம் மறைந்து செல்ல வேண்டுமென்றால் தன் அறிவிப்பை நிறுத்திக்கொள்ளும். நிறுத்தாமல் செல்கிறது என்றால், அவ்வழியில் பயணிகள் விமானங்கள் போகின்றன, மோதல் தவிர்க்கப்பட வேண்டும் என்பதற்காகவே பேசிக்கொண்டு செல்கிறது. செயற்கைக்கோள் வைத்திருக்கும் பகைநாட்டுக்கு ஆரணி மாணவரின் ஏழு சென்டிமீட்டர்க் கம்பி எதற்கு?

இரண்டாவது: கேட்பது வேறு, கேட்டதை அக்கணமே ஊருக்குச் சொல்வது வேறு. 2025 ஏப்ரலில் பகல்காம் தாக்குதலுக்குப் பின், படைகளின் நடமாட்டத்தை நேரலையாக ஒளிபரப்ப வேண்டாம் என்று ஒன்றிய அரசு ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிவுரை மாடியில் இருப்பவருக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். அடுத்த மாதம் மோதல் மூண்டு, வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டபோது, நம் படைவிமானம் எங்கே செல்கிறது என்று முந்தியடித்துப் படம் போடுவதில் எந்த வீரமும் இல்லை. சொல்லலாமா என்பதைக் காலமும் இடமும் தீர்மானிக்கட்டும். கேட்கவே கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

சட்டம் இந்த வேறுபாட்டை அறியாததன்று. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி ஒலிபரப்புக் கருவி வைத்திருப்பவருக்கு மூன்றாண்டுவரை சிறை என்றது; கேட்கும் கருவி மட்டும் வைத்திருப்பவருக்கு முதல் குற்றத்துக்கு 100 ரூபாய்வரை அபராதம் என்றது. அச்சட்டம் பேசுபவனையும் கேட்பவனையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. என்றாலும் கேட்பதற்கும் உரிமம் வேண்டும் என்ற கொள்கை நின்றது. வீட்டு வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி, சிறு புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்கிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. 1980களின் நடுவில் அவ்வுரிமம் ஒழிந்தது. ஆரணித் தறிவீடுகளில் இலங்கை வானொலியும், சிற்றலையில் பிபிசி தமிழோசையும் தறியின் ஓசையோடு கலந்து ஒலித்த காலம் அது. வெளிநாட்டு நிலையங்களைத் தேடிப் பிடித்து, கேட்டதற்குச் சான்றாக வண்ண அட்டை வரவழைத்துச் சேர்த்த நேயர்கள் நம் சிற்றூர்கள் பலவற்றில் இருந்தார்கள். இன்றைய விமானச் செவியர்களின் முன்னோர்கள் அவர்களே. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. சிற்றலை நேயர்களின் பிள்ளைகள் 1090க்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தந்திச் சட்டத்தையும் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தையும் விலக்குவதாகச் சொல்லி வந்தது. நூற்றாண்டுப் பழமை நீங்கும் என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதன் மூன்றாம் பிரிவிலும் வானொலிக் கருவியை ‘வைத்திருப்பதற்கு’ அரசின் அங்கீகாரம் வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. அதே பிரிவு, பொதுநலம் கருதி விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் ஒன்றிய அரசுக்குத் தருகிறது. எதையும் ஒலிபரப்ப இயலாத, கேட்க மட்டுமே வல்ல கருவிகளை வைத்திருக்க அங்கீகாரம் தேவையில்லை என்று ஒரு வரியில் பொது விலக்கு அறிவித்தால் போதும். தில்லி விடுதியில் நிகழ்ந்தது மீண்டும் நிகழாது; என் மாணவரின் பெயரையும் நான் இங்கே பெருமையோடு எழுதலாம்.

தனிமனிதரின் அந்தரங்கம் பற்றிய வினா ஒன்று எஞ்சுகிறது. 2022இல் ஈலான் மஸ்க்கின் விமானத்தைப் பின்தொடர்ந்து வெளியிட்ட அமெரிக்க மாணவரின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். தனி விமானம் வைத்திருப்பவரின் அந்தரங்கத்துக்காக நான் அதிகம் கவலைப்படப் போவதில்லை. அவ்வேலையை அவருடைய வழக்கறிஞர்கள் செய்வார்கள்.

எனக்குள்ள உண்மையான கவலை, கேட்டதைப் படிக்கும் திறம் பற்றியது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 வீழ்ந்து 260 உயிர்கள் போயின. சிறிது நேரத்துக்குள் ஃபிளைட்ரேடார்24 அதன் கடைசி அறிவிப்பை வெளியிட்டது: உயரம் 625 அடி. நம் தொலைக்காட்சிகள் விமானம் தரையிலிருந்து 625 அடி எழும்பியது என்று கூவின. அது காற்றழுத்தத்தைக் கொண்டு கணிக்கப்பட்ட உயரம். ஒரு நியமக் கடல்மட்ட அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. அகமதாபாத் விமான நிலையமே கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 200 அடி மேலே இருக்கிறது. இதை அந்தத் தளம் சேர்த்தே சொல்லியிருந்தது, படித்தவர் குறைவு. இன்னொன்றும் நடந்தது. முதலில் கிடைத்த தரவில் விமானம் ஓடுபாதையின் நடுவிலிருந்து புறப்பட்டது போலத் தோன்றியது. ஓடுபாதை முழுவதையும் பயன்படுத்தாததுதான் காரணமோ என்ற பேச்சு பரவியது. பிற ஏற்பிகளின் மூலத்தரவைத் திரட்டிப் பார்த்தபோது, விமானம் ஓடுபாதையின் தொடக்கம்வரை சென்று திரும்பி முழு நீளத்திலும் ஓடியே எழுந்தது என்று தெரிந்தது. தரையில் நிற்கும் விமானத்தின் மெல்லிய குரலைச் சில ஏற்பிகள் தவறவிட்டிருந்தன.

ஒரு சுவடியில் இரண்டு ஏடு சிதைந்திருந்தால், கவிஞன் அங்கே எதுவும் பாடவில்லை என்று பதிப்பாசிரியன் முடிவுகட்டமாட்டான்; வேறு சுவடி தேடுவான். தரவில் இல்லாதது நடக்காதது ஆகாது என்ற இந்த ஒழுக்கத்தை உ.வே.சாமிநாதையரும் வையாபுரிப்பிள்ளையும் நமக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள். விமானச் செவியர்களுள் முதிர்ந்தவர்களிடம் இதே ஒழுக்கத்தைக் கண்டு வியந்தேன். ஒரு செய்தி ஐயத்துக்குரியது என்றால் நான்கு ஏற்பிகளின் நேரத்தை ஒப்பிட்டு, அலை வந்து சேர்ந்த கால வேறுபாட்டிலிருந்து இடத்தைத் தாங்களே கணிக்கிறார்கள். விமானம் தன் இடத்தைத் தானே பொய்யாக அறிவிக்கும் காலமும் வந்துவிட்டது. செயற்கைக்கோள் குறிப்பைக் கெடுக்கும் போலி அலைகள் தில்லி விமான நிலையத்தருகே 2025 நவம்பரில் தொல்லை கொடுத்ததை அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இக்கேட்டைக் கண்டறிவதிலும் மாடிகளில் உள்ள ஏற்பிகள் உதவுகின்றன.

இவ்வளவு உழைப்பும் ஊதியமின்றி நடப்பது. அதனால்தான் 2023 ஜனவரியில் நடந்த ஒன்று கசப்பாக இருக்கிறது. எந்த விமானத்தையும் மறைக்காமல் காட்டுவோம் என்ற உறுதியோடு 2016இல் தொடங்கப்பட்ட ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் என்னும் தளம், தன்னார்வலர்கள் உலகெங்குமிருந்து அனுப்பிய தரவால் வளர்ந்தது. அது ஜெட்நெட் என்ற வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கம்பி கட்டியவர்களை யாரும் கேட்கவில்லை. 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டுத் திரட்டிய மதுரைத் திட்டத்து நூல்களை ஒருநாள் யாரோ விலைபேசி விற்றுவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? பலர் தங்கள் ஏற்பியை அத்தளத்திலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். சில மாதங்களுக்குள் விற்பனைக்கு உட்படாத புதிய கூட்டுத்தளங்கள் சிலவற்றை அவர்களே தொடங்கிவிட்டதைக் கேள்விப்பட்டு ஆறுதலடைந்தேன்.

நான் பணிபுரியும் கல்லூரியின் இயற்பியல் துறை மாடியில் ஓர் ஏற்பி வைக்கலாம் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தேன். தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று எவரும் கேட்கவில்லை. அது நல்ல அறிகுறி. ‘சட்டத்தில் இடம் உண்டா எனத் தெளிவுபடுத்துக’ என்ற குறிப்போடு கோப்பு என் மேசைக்குத் திரும்பி வந்தது. மூன்றாம் பிரிவைத் தமிழில் பெயர்த்தெழுதி, விலக்கு பற்றிய பகுதியை அடிக்கோடிட்டு, தொலைத்தொடர்புத் துறையிடம் விளக்கம் கேட்கும் கடிதத்தின் வரைவையும் இணைத்துச் சென்ற திங்களன்று மீண்டும் அனுப்பியிருக்கிறேன்.